மீன் கேக்கும் 321 வாக்குகளும்: நார்வே கால்பந்து லீக்கில் வி.ஏ.ஆர் தகராறு

2024 ஜூலை 21. நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் உள்ள லெர்கெண்டால் மைதானத்தில் ரோசன்போர்க் அணியும் லில்லெஸ்ட்ரோம் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதியிலேயே பார்வையாளர் பக்கமிருந்து மீன் கேக்குகளும் டென்னிஸ் பந்துகளும் வந்து விழ ஆரம்பித்தன. ஆட்டம் நின்றது. பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் விழுந்தன. புகைக் குண்டுகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஆட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று.

மீன் கேக் என்பது அரைத்த மீனோடு மாவும் பாலும் சேர்த்துத் தட்டையாகப் பொரித்தெடுப்பது. நார்வே வீடுகளில் சாதாரண நாளில் சாப்பிடுவது. அதை வீசியவர்களுக்கு எதிரணி மேல் கோபமில்லை, அன்றைய நடுவர் தந்த தீர்ப்பு எதன் மேலும் கோபமில்லை. காணொளி உதவி நடுவர் முறையை, அதாவது வி.ஏ.ஆரை, தங்கள் லீக்கை விட்டே எடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

உலகச் செய்திகள் இதை ஒரு வேடிக்கையாகப் போட்டுவிட்டு மறந்தன. ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட நிர்வாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் கழித்து, நார்வே கால்பந்து சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வி.ஏ.ஆர் இருக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. எனக்குத் தெரிந்து, ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பம் ஒன்று இந்த அளவு நெருக்கடிக்கு வந்ததில்லை. அது எப்படி அங்கே வரை போனது, எங்கே தடுக்கப்பட்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

லீக் யாருடையது

நார்வேயின் முதல்நிலை லீக்குக்கு எலிட்டெசெரியன் என்று பெயர். 2016 வரை நோர்ஸ்க் டிப்பிங் என்ற அரசு சூதாட்ட நிறுவனத்தின் பெயரால் டிப்பெலிகா என்று அழைக்கப்பட்டது. 16 அணிகள், 30 சுற்றுகள். குளிர்காலத்தில் ஆட முடியாது என்பதால் இங்கிலாந்து போல ஆகஸ்டில் தொடங்குவதில்லை. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தின் கடைசியில் முடியும். ரோசன்போர்க் இதன் பழைய பேரரசு: 26 பட்டங்கள், அதில் 1992 முதல் 2004 வரை தொடர்ச்சியாக 13. இப்போதைய வலுவான அணி ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள சின்ன ஊரிலிருந்து வரும் பூடோ கிளிம்ட்.

இந்தக் கதைக்கு முக்கியமானது பட்டங்கள் இல்லை, உரிமை. நார்வேயில் கிளப்பை ஒரு கோடீஸ்வரர் விலைக்கு வாங்கிவிட முடியாது. கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். தொழில்முறை அணியை நடத்த ஒரு நிறுவனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், முதலீட்டாளர்களும் அதில் வரலாம். ஆனால் விளையாட்டு சம்பந்தமான அதிகாரம் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு விதிப்படி, 15 வயது நிரம்பி, சந்தா கட்டி, ஒரு மாதமாவது உறுப்பினராக இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கலாம். தீர்மானமும் கொண்டுவரலாம். பள்ளிக்கூடம் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து நின்று கிளப் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை, நடைமுறை.

சுவீடனிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. அங்கே 1999-ல் வந்த 51 சதவீத விதிப்படி, கிளப்பின் நிறுவனத்தில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும்.

மைதானத்துக்கு வருகிறவர் இங்கிலாந்தில் வாடிக்கையாளர். நார்வேயிலும் சுவீடனிலும் அவரே வாக்காளர். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்பியதுதான்.

அவர்களுக்கு என்ன எரிச்சல்

வி.ஏ.ஆர் நான்கு சந்தர்ப்பங்களில் மட்டும் தலையிடலாம்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான ஆளுக்கு அட்டை காட்டியது. அதிலும் நடுவர் செய்தது 'தெளிவான, வெளிப்படையான' தவறாக இருந்தால்தான். காகிதத்தில் ரொம்ப நியாயமான ஏற்பாடு. 2018 மார்ச்சில் ஆட்ட விதிகளிலேயே சேர்த்தார்கள், அந்த ஆண்டு உலகக் கோப்பையிலும் வந்தது. டென்மார்க் 2020-ல் எடுத்துக்கொண்டது. நார்வே 2023 சீசனிலிருந்து.

கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இதில் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். நடுவர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் டி.ஆர்.எஸ்-ல் கேட்பது ஆட்டக்காரர்கள்: பந்து வீசும் அணியின் தலைவர், அல்லது மட்டையாளர். கேட்பதா வேண்டாமா என்பதே ஆட்டத்தின் ஒரு பகுதி, பெரிய திரையில் பந்தின் பாதையை எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம், ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் ஏற்கெனவே இடைவெளி இருக்கிறது. கால்பந்தில் யாரும் கேட்பதில்லை. எங்கேயோ ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்த்து நடுவர் காதில் சொல்கிறார், மைதானத்தில் இருப்பவருக்கு என்ன பார்க்கிறார்கள் என்றே தெரியாது. கோல் விழுந்ததும் துள்ளிக் குதித்தவர், நடுவர் காதில் கையை வைப்பதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கழித்து கோல் செல்லும் என்று சொன்னால்கூட அந்தக் கொண்டாட்டம் திரும்ப வருவதில்லை. வீட்டில் டிவி பார்ப்பவருக்கு இது இழப்பாகத் தெரியாது, அவருக்கு மறுஒளிபரப்பு இருக்கிறது. மைதானத்தில் நிற்பவர் காசு கொடுத்து வந்ததே அந்தச் சில நொடிகளுக்காக.

துல்லியம் பற்றியும் அவர்கள் வாதம் வெறும் உணர்ச்சி இல்லை. சாதாரண ஒளிபரப்பு கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 20 மில்லிநொடி. முழு வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் நொடிக்கு 8 மீட்டர் போகிறார் என்றால், அந்த இடைவெளியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுக் கிளம்பியது இந்தப் படத்திலா அடுத்த படத்திலா என்பதை மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார். அப்புறம் கோடு போட்டு, கட்டைவிரல் அளவு ஆஃப்சைடு (பந்து கிளம்பும் நொடியில் எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி முன்னால் நிற்பது) என்று கோலை ரத்து செய்கிறார்கள். பணக்கார லீக்குகளில் இருக்கும் கூடுதல் கேமராக்களும் தானியங்கி ஆஃப்சைடு கருவிகளும் சின்ன நாட்டு லீக்குக்குக் கட்டுப்படியாவதில்லை. 'அதே கடுமை, குறைந்த கருவி' என்பதுதான் நிலைமை.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்குக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கிளப் ரசிகர் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார் வேறு: இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும்போது உறுப்பினர்களைக் கேட்கவில்லை, மேல்மட்டத்திலேயே முடிவெடுத்துவிட்டார்கள். வாக்குரிமை இருக்கிறது என்று தெரிந்த கூட்டத்திடம் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வழக்கு நல்ல உதாரணம்.

பக்கத்து வீட்டில் வேறு முடிவு

சுவீடனில் வரிசை தலைகீழாக நடந்தது. அங்கே கிளப் ரசிகர்கள் வி.ஏ.ஆர் வருவதற்கு முன்பே கிளப்புகளின் ஆண்டுக் கூட்டங்களுக்குப் போனார்கள். பல கிளப்புகளில் 'எங்கள் கிளப் இதற்கு எதிராக வாக்களிக்க வேண்டும்' என்று தீர்மானம் வைத்து நிறைவேற்றினார்கள். நிர்வாகிகளில் பலருக்கு வி.ஏ.ஆர் வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் உறுப்பினர் தீர்மானத்தை மீற முடியவில்லை. 2024 ஏப்ரலில், முன்னாள் பிரதமர் ஃப்ரெட்ரிக் ரெயின்ஃபெல்ட் தலைமையில் இருந்த சுவீடன் கால்பந்து சங்கம் இதைக் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்தது. ஐரோப்பாவின் முதல் 30 லீக்குகளில் வி.ஏ.ஆர் இல்லாதது இது ஒன்றுதான் என்று அப்போது செய்திகளில் பரவலாகச் சொன்னார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நார்வே ரசிகர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா? அதே ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியில் இன்னொன்றும் நடந்திருந்தது. லீக்கின் வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள்; லீக் நிர்வாகம் திட்டத்தையே கைவிட்டது. எறிந்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை காற்றில் இருந்தது. லெர்கெண்டாலில் டென்னிஸ் பந்தோடு மீன் கேக் சேர்ந்தது உள்ளூர்க் கைவண்ணம், அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஆட்டத்தை நிறுத்தியது சரியான செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மீன் கேக் யாரையும் காயப்படுத்தாது, புகைக் குண்டு அப்படியில்லை. தவிர, அந்த ஆட்டம் நின்றதில் கஷ்டப்பட்டது அவர்களுடைய சொந்தக் கிளப்தான். உலகம் திரும்பிப் பார்த்தது உண்மை, ஆனால் வி.ஏ.ஆரை வாக்கெடுப்பு வரை இழுத்துக்கொண்டு போனது அந்த நாள் இல்லை. கூட்ட அரங்குகளில் வரவு செலவு அறிக்கைக்கும் நிர்வாகிகள் தேர்தலுக்கும் நடுவில் எழுந்து நின்று தீர்மானம் வாசித்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடவில்லை.

மூன்று படிகள்

முதல் படி, கிளப்புகள். பல கிளப்புகளின் உறுப்பினர் கூட்டங்களில் வி.ஏ.ஆருக்கு எதிரான தீர்மானங்கள் நிறைவேறின.

இரண்டாவது படி, நோர்ஸ்க் டாப்ஃபுட்பால். ஆண்கள் கால்பந்தின் முதல் இரண்டு பிரிவுகளில் உள்ள 32 கிளப்புகளின் அமைப்பு இது. 2025 ஜனவரியில் கூடி வாக்கெடுத்தார்கள். வி.ஏ.ஆரை நீக்கப் பரிந்துரைக்க வேண்டும் என்று 19 கிளப்புகள் வாக்களித்தன, 13 எதிர்த்தன. அதாவது லீக்கின் சொந்தக்காரர்களே பெரும்பான்மையாக வேண்டாம் என்றுவிட்டார்கள். பல வெளிநாட்டுப் பத்திரிகைகள் அன்றே 'நார்வே வி.ஏ.ஆரைத் தூக்கி எறிகிறது' என்ற தொனியில் எழுதின.

அவசரப்பட்டுவிட்டார்கள். அது பரிந்துரை மட்டுமே. கடைசிச் சொல் மூன்றாவது படியில், நார்வே கால்பந்து சங்கத்தின் பொதுக்கூட்டத்தில். அங்கே உட்காருவது முதல் இரண்டு பிரிவுக் கிளப்புகள் மட்டும் இல்லை. மாவட்டச் சங்கங்களின் பிரதிநிதிகளும் மற்றக் கிளப்புகளும் உண்டு. சங்கத்தின் நிர்வாகக் குழு, வி.ஏ.ஆரை வைத்துக்கொண்டு மேம்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. 2025 மார்ச் 1 அன்று வாக்கெடுப்பு. வைத்துக்கொள்ளலாம் என்று 321 பேர், வேண்டாம் என்று 129 பேர்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் எதிர்ப்பு கிட்டத்தட்ட 59 சதவீதம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 29 சதவீதம். யாரும் மனம் மாறியதால் வந்த வீழ்ச்சி இல்லை இது. வாக்களித்த கூட்டம் வேறு.

இதே படிக்கட்டில் நார்வே முன்பும் ஒரு முறை ஏறியிருக்கிறது. 2021-ல் கத்தார் உலகக் கோப்பையைப் புறக்கணிக்க வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியது வடக்கே உள்ள டிரோம்ஸோ கிளப். அந்தக் குரல் ரோசன்போர்க் உட்படப் பல கிளப்புகளின் உறுப்பினர்களிடம் பரவியது. விஷயம் சங்கத்தின் சிறப்புப் பொதுக்கூட்டம் வரை போனது. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று, புறக்கணிப்பு வேண்டாம் என்று 368 வாக்குகள், வேண்டும் என்று 121. (அப்புறம் நார்வே அந்த உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை என்பது தனிக் கதை.) இரண்டு தடவையும் கீழ்ப்படியில் பெரிய அலை, மேல்படியில் இரண்டரை அல்லது மூன்று மடங்கு தோல்வி. இரண்டு தடவையும் சங்கத்தின் நிர்வாகம் நின்ற பக்கமே வென்றது.

இதைச் சதி என்று சொல்லிவிடுவது சுலபம். விதிப்படிதான் எல்லாம் நடந்தது. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. வி.ஏ.ஆர் இருப்பது முதல்நிலை லீக்கில். அதன் செலவும், காத்திருப்பும், கோல் பறிபோன வலியும் அந்த 16 மைதானங்களில்தான். தன் மைதானத்தில் ஒரு கேமராகூட வைக்காத கீழ்நிலைக் கிளப்பின் பிரதிநிதியோ, குழந்தைகள் கால்பந்தைக் கவனிக்கும் மாவட்டச் சங்கத்தின் பிரதிநிதியோ ஏன் இதை முடிவு செய்ய வேண்டும்? கிளப் ரசிகர்களின் கசப்புக்கு இது காரணம்.

மறுபக்கத்துக்கும் பதில் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நடுவர்கள் லீக்கின் சொத்து இல்லை, சங்கத்தின் பொறுப்பு. கீழ்நிலை ஆட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதும் இளைஞர்தான் நாளைக்கு எலிட்டெசெரியன் நடுவர். ஐரோப்பியப் போட்டிகளில் வி.ஏ.ஆர் உண்டு, உள்ளூரில் அதில் பழகாதவரை அங்கே அனுப்புவார்களா என்பது நியாயமான கவலை. பூடோ கிளிம்ட் 2025-ல் யூரோப்பா லீக் அரையிறுதி வரை போன காலம் இது. ஐரோப்பியப் போட்டிக்கான இடத்தை நிர்ணயிக்கும் ஒரு தவறான பெனால்டி கிளப்பின் பல வருட வருமானத்தையே மாற்றிவிடும். தவிர, தவறு நடந்தால் நடுவர்மேல் விழும் வசவும் மிரட்டலும் வி.ஏ.ஆர் இருந்தால் கொஞ்சம் குறையும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு.

நடுவர் வாய்ப்பு பற்றிய வாதத்தில் மட்டும் எனக்கு அரை மனசுதான். உள்ளூர் லீக்கில் வி.ஏ.ஆரே இல்லாத சுவீடனிலிருந்து க்ளென் நைபெர்க் 2024 ஐரோப்பியக் கோப்பையில் நடுவராக இருந்தார். ஒரு உதாரணத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது, இருந்தாலும் கதவு அடைபட்டுவிடும் என்று பயமுறுத்துமளவுக்கு நிலைமை இல்லை.

தவறு எங்கே

என் கணிப்பில் நார்வே சறுக்கியது 2025 மார்ச்சில் இல்லை, வி.ஏ.ஆரைக் கொண்டுவரும் முன்பே. அப்போதே கிளப் உறுப்பினர்களிடம் போயிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: சுவீடன் போல ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றிருப்பார்கள், அல்லது பெரும்பான்மை ஒப்புக்கொண்டு அந்த ஒப்புதலோடு வந்திருக்கும். இரண்டாவது நடந்திருந்தால் மூன்று நிமிடக் காத்திருப்பையும் கட்டைவிரல் ஆஃப்சைடையும் ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே சகித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இருக்கும் ஒன்றை எடுப்பதும், இல்லாத ஒன்றை வரவிடாமல் தடுப்பதும் ஒரே அளவு வேலை இல்லை. சுவீடனில் மாற்றம் வேண்டியவர்கள்தான் பெரும்பான்மை காட்ட வேண்டியிருந்தது, அவர்களால் முடியவில்லை. நார்வேயில் உபகரணம் வாங்கியாயிற்று, நடுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று, ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் ஓடுகின்றன. பெரும்பான்மை காட்ட வேண்டிய சுமை எதிர்ப்பவர்கள் தலையில் விழுந்தது, அதுவும் அவர்களுக்குச் சாதகமில்லாத அரங்கில். இரு நாட்டு ரசிகர்களின் மனநிலையில் அவ்வளவு வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை. முடிவு இவ்வளவு வேறாகப் போனதற்கு இந்த வரிசைதான் பெரிய காரணம்.

ஒப்பிட இன்னும் ஒன்று. 2024 ஜூனில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலும் வி.ஏ.ஆரை நீக்க ஒரு தீர்மானம் வந்தது, வுல்வ்ஸ் கிளப் கொண்டுவந்தது. 20 கிளப்புகள் வாக்களித்தன, 19-க்கு 1 என்று தோற்றது. அங்கே மைதானங்களில் வி.ஏ.ஆருக்கு எதிராக எழுந்த கோஷத்துக்கும் அந்த வாக்கெடுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியாவிலும் டி.ஆர்.எஸ்-ஐக் கிரிக்கெட் வாரியம் பல வருடம் எதிர்த்தது. 2008-ல் கொழும்பில் இலங்கைக்கு எதிராக முதல் சோதனை நடந்த பிறகு, 2016-ல் ராஜ்கோட் டெஸ்ட்டில்தான் இறங்கிவந்தார்கள். எதிர்த்தபோதும் சரி, ஏற்றபோதும் சரி, சேப்பாக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை. நார்வேயில் 129 வாக்கு விழுந்தது தோல்விதான், ஆனால் எண்ணிப் பார்க்க ஒரு வாக்கு அங்கே இருந்தது.

அதன் பிறகு

2025 சீசன் வி.ஏ.ஆரோடு நடந்தது. பட்டம் கடைசி நாள் வரை முடிவாகவில்லை. ஸ்டாவாங்கர் நகரின் வைக்கிங் அணி 71 புள்ளிகளோடு 1991-க்குப் பிறகு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. பூடோ கிளிம்டுக்கு 70. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். இப்படிப்பட்ட முடிவை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் பேசலாம்: ஒரு பெனால்டி பட்டத்தை மாற்றிவிடும் என்பதால் திரை வேண்டும் என்பார் ஒருவர், அந்த ஒரு பெனால்டியைத் திரை முன் உட்கார்ந்திருப்பவர் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்பார் மற்றவர்.

அதே இலையுதிர் காலத்தில் சுவீடனில், வி.ஏ.ஆர் இல்லாத லீக்கில், ஹெல்லெவிக் என்ற மீனவக் கிராமத்தைச் சேர்ந்த மியெல்பி அணி மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. தவறான தீர்ப்பால் பட்டம் பறிபோனது என்ற வாதத்துக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை. அடுத்த முறை ஒரு புள்ளியில் முடிந்தால் சுவீடனிலும் இந்தப் பேச்சு திரும்ப வரும். வந்தால் அதுவும் கிளப்புகளின் ஆண்டுக் கூட்டத்தில்தான் தொடங்க வேண்டும்.